அறுவையின்போது கல்லீரலில் தென்படும் வெள்ளைப் புள்ளிகள்: எல்லாமே புற்றுப் பரவல்தானா?

வேலந்தாவளம்_மகன்

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் கோவை எல்லையை ஒட்டிய வேலந்தாவளத்தில் இருக்கிறோம். பாலக்காட்டு மாவட்டத்துச் சித்தூர் வட்டம், ஆந்திரத்துச் சித்தூர் அல்ல. வீட்டில் தமிழ், அலுவலகங்களில் மலையாளம், மருத்துவ அறிக்கைகள் ஆங்கிலத்தில் என்று எங்கள் வாழ்க்கை நடக்கிறது. எனவே எனக்குப் பிடிபடாத ஒரு விஷயத்தைத் தமிழிலேயே கேட்டுத் தெளிவு பெற விரும்பி இந்த இழையைத் தொடங்குகிறேன்.

அப்பாவுக்கு அறுபது வயது கடந்துவிட்டது. தென்னந்தோப்பைத் தாமே பார்த்துக்கொள்கிறவர். சில மாதங்களுக்கு முன் கண்கள் மஞ்சளாகி, மலம் வெளுத்து, இரவெல்லாம் தூங்க முடியாத அளவுக்கு அரிப்பு வந்தது. சி.டி. ஸ்கேனில் பித்தக் குழாயும் கணையக் குழாயும் சிறுகுடலில் திறக்கும் இடத்தில் ஒரு சிறு கட்டி இருப்பது தெரிந்தது. எண்டோஸ்கோப்பி வழியாக ஸ்டென்ட் வைத்தார்கள். அப்போது எடுத்த பயாப்ஸியில் அடினோகார்சினோமா, அதாவது சுரப்பிச் செல்களில் தோன்றும் புற்று என்று வந்தது. கட்டி சிறியது, ஆரம்ப நிலை, அறுவையில் அகற்றிவிடலாம் என்று மருத்துவர் சொன்னதால் நம்பிக்கையோடுதான் தியேட்டருக்குள் அனுப்பினோம்.

முதலில் லேப்ராஸ்கோபியில் வயிற்றுக்குள் பார்த்துவிட்டு, பிறகுதான் பெரிய அறுவையைத் தொடங்குவோம் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். சிறிது நேரத்திலேயே என்னை உள்ளே அழைத்து, திரையில் படத்தைக் காட்டினார்கள். சிவந்த ஈரலின் மேல் இரண்டு பக்கமும் கேழ்வரகு மணி அளவில் வெள்ளைப் புள்ளிகள் சிதறிக் கிடந்தன. ஒன்றை எடுத்து உடனடிப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். “இப்போது உறுதியாகச் சொல்ல இயலவில்லை, முழு அறிக்கை வரும்வரை காத்திருக்கவும்” என்று பதில் வந்தது. அறுவையை அங்கேயே நிறுத்திவிட்டார்கள். பரவலாக இருக்கக்கூடும் என்று மருத்துவர் சொன்ன ஒரு சொல், மாலைக்குள் உறவினர்களிடையே “முற்றிவிட்டதாம்” என்று மாறிவிட்டது.

அடுத்த வாரம் வந்த அறிக்கையில் ‘ஃபான் மேயன்பர்க் காம்ப்ளெக்ஸ், பித்தநாள ஹமார்ட்டோமா, புற்று அணுக்கள் இல்லை’ என்று இருந்தது. இப்போது மறுபடியும் அறுவைக்குத் தேதி சொல்கிறார்கள். எங்களுக்கு மகிழ்ச்சிதான், ஆனாலும் மனம் முழுமையாக அமைதியடையவில்லை. இத்தனை அனுபவமுள்ளவர்களின் கண்ணுக்கே புற்றுப்போலத் தெரிந்த ஒன்று, எப்படிப் புற்று இல்லாமல் போனது? அன்று நிறுத்தியது சரியா? இந்த அறிக்கையை நம்பி அவ்வளவு பெரிய அறுவைக்கு அப்பாவை அனுப்பலாமா? தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

நெறியாளர்

இழையில் மருத்துவர்களின் பெயரையோ, புகாருக்குரிய மருத்துவமனையின் பெயரையோ யாரும் குறிப்பிட வேண்டாம். இங்கு எழுதப்படுவது பொது விளக்கம். சிகிச்சை முடிவை உங்கள் மருத்துவரோடு பேசி எடுங்கள்.

நுண்ணோக்கி

வணக்கம் தம்பி. நான் பாலக்காட்டில் பணியாற்றும் நோயியல் மருத்துவர். உங்கள் அப்பாவின் ஸ்லைடை நான் பார்க்கவில்லை என்பதால் அதைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல இயலாது. ஆனால் நீங்கள் விவரித்திருப்பது எங்கள் துறையில் நன்கு அறியப்பட்ட ஒரு சூழல்.

அறிக்கையில் உள்ள இரண்டு பெயர்களும் ஒரே பொருளைத்தான் குறிக்கின்றன. முதல் பெயர், 1918-இல் இதை விவரித்த சுவிட்சர்லாந்து நோயியல் அறிஞர் ஃபான் மேயன்பர்க்கின் பெயர். கருவில் கல்லீரல் உருவாகும்போது சிறு பித்த நாளங்கள் தகடுபோலத் தோன்றி, பிறகு ஒழுங்காகச் சுருங்கிக் குழாய்களாக அமைய வேண்டும். சில இடங்களில் அது முழுமையாக நடப்பதில்லை. அங்கே விரிந்து கோணலான சிறு நாளங்கள், நார்த்திசு சூழ, ஒரு கொத்தாகத் தங்கிவிடுகின்றன. அந்த நார்த்திசுவினால்தான் அவை வெளியிலிருந்து பார்க்கும்போது வெள்ளையாகவோ சாம்பல் நிறமாகவோ தெரிகின்றன. பெரும்பாலானவை 5 மில்லிமீட்டருக்கும் குறைவானவை. பலவாக, இரண்டு மடல்களிலும் சிதறி, ஈரலின் உறைக்கு அடியிலேயே இருப்பவை. அவற்றால் வலியும் இல்லை, காமாலையும் இல்லை. வேறொரு காரணத்துக்காக வயிற்றுக்குள் பார்க்கும்வரை யாருக்கும் தெரிவதில்லை. 2843 பிரேதப் பரிசோதனைகளை ஆராய்ந்து 1996-இல் வெளியான ஓர் ஆய்வில், வயது வந்தவர்களில் 5.6 விழுக்காட்டினரின் ஈரலில் இவை இருந்தன. ஆகவே இது ஒன்றும் அபூர்வமான பொருள் அல்ல.

இதற்கு நெருங்கிய உறவாகப் பித்தநாள அடினோமா என்று இன்னொன்று உண்டு. அது பெரும்பாலும் ஒற்றையாக, 1 சென்டிமீட்டருக்குள், உறைக்கு அடியில் கெட்டியான வெண்ணிறப் பொட்டாக இருக்கும். 1988-இல் 152 பேரிடம் கண்ட இத்தகைய கட்டிகளைத் தொகுத்து ஆராய்ந்திருக்கிறார்கள். அவற்றிலும் பெரும்பாலானவை வேறு அறுவையின்போது தற்செயலாகக் கண்ணில் பட்டவையே. என் அனுபவத்தில், அறுவையின்போதே திசுவை உறையவைத்துப் பார்க்கும் ஃப்ரோசன் பரிசோதனையில் ஹமார்ட்டோமாவைவிட இந்த அடினோமாதான் அதிகம் சிரமம் கொடுக்கிறது. சிறிய, நெருக்கமான குழாய்கள் கூட்டமாக இருப்பதால், கணையத்திலிருந்தோ பித்தக் குழாயிலிருந்தோ பரவிய புற்றும் அதே வடிவத்தில்தான் வந்து நிற்கும்.

அன்று பதில் சொல்ல இயலாமல் போனது ஏன் என்பதை விளங்கிக்கொள்ள, அந்தத் துண்டுக்கு என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். உப்புநீரில் நனைத்த துணியில் சுற்றி, பெயர் ஒட்டிய சிறு டப்பாவில் அது எங்களிடம் வரும். விளக்கடியில் பார்ப்போம்: பழுப்பு நிற ஈரலின் ஓரத்தில் ஒரு வெள்ளைப் பொட்டு, சில மில்லிமீட்டர் மட்டுமே. அதைப் பசை போன்ற ஒரு திரவத்தில் பொதிந்து, ஓர் உலோக வட்டின் மேல் வைத்து, சுமார் மைனஸ் 20 டிகிரியில் இயங்கும் க்ரையோஸ்டாட் இயந்திரத்துக்குள் உறையவிட்டு, 5 மைக்ரான் கனத்தில் சீவி, கண்ணாடியில் ஒட்டி, சாயமேற்றி, மைக்ரோஸ்கோப்பில் பார்த்து, தியேட்டருக்குத் தொலைபேசியில் சொல்ல வேண்டும். இவ்வளவும் ஏறக்குறைய இருபது நிமிடங்களுக்குள் முடிய வேண்டும் என்பது எதிர்பார்ப்பு; அங்கே நோயாளி மயக்கத்தில் இருக்கிறார்.

உறையும்போது திசுவில் உள்ள நீர் பனிப் படிகமாகிறது. அதனால் செல்கள் குலைகின்றன, கருக்கள் இயல்பைவிடப் பெரிதாகவும் ஒழுங்கற்றும் தெரிகின்றன. புற்றைக் கண்டுபிடிக்க நாங்கள் நம்பியிருக்கும் அடையாளங்களே அவைதான் என்பதால், நலமான செல்லும் சந்தேகத்துக்கு உள்ளாகிவிடுகிறது. உங்கள் அப்பாவுக்கு இன்னொரு சிக்கலும் இருந்தது. பித்தக் குழாய் அடைபட்டு, ஸ்டென்ட் வைத்த ஈரலில் சிறு நாளங்கள் பெருகும். அவற்றைச் சுற்றி அழற்சி செல்கள் சேரும். அழற்சியில் சிக்கிய நாளச் செல்கள் தாமே கொஞ்சம் முரட்டுத் தோற்றம் கொள்ளும். இந்த நிலையில் “இப்போது சொல்ல இயலவில்லை” என்று ஒரு நோயியல் மருத்துவர் சொன்னால், அதைத் திறமைக் குறைவாகக் கருத வேண்டாம். அரைகுறைச் சான்றை வைத்துக்கொண்டு ‘பரவிவிட்டது’ என்று சொல்லியிருந்தால், குணமாகக்கூடிய ஒருவர் குணமாகும் வாய்ப்பை அந்தத் தொலைபேசி அழைப்பிலேயே இழந்திருப்பார்.

வேலந்தாவளம்_மகன்

மிக்க நன்றி டாக்டர். இவ்வளவு விரிவாக யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை. அடுத்த வாரம் வந்த அறிக்கையில் மட்டும் எப்படி உறுதியாகச் சொல்ல முடிந்தது? சி.டி.யில் ‘மிகச் சிறியவை, வகைப்படுத்த இயலாதவை’ என்று ஈரலைப் பற்றி ஒரு வரி இருந்தது. அதை அன்று நாங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, யாரும் அதைப் பற்றிப் பேசவும் இல்லை.

நுண்ணோக்கி

மீதமிருக்கும் திசுவை ஃபார்மலினில் ஊறவைத்து, மெழுகில் பதித்து வெட்டும்போது பனிப் படிகத்தின் சிதைவு இருப்பதில்லை. வெவ்வேறு ஆழங்களில் பல வெட்டுகளைப் போட்டுப் பார்க்க முடியும். ஹமார்ட்டோமாவில் நாளங்களின் உள்வெளி விரிந்து கோணலாக இருக்கும். சிலவற்றில் பச்சையும் பழுப்புமாகப் பித்தம் தேங்கியிருக்கும். பரவிய புற்றுக்குள் இருக்கும் சுரப்பி ஈரலின் பித்தக் குழாய் அமைப்போடு தொடர்பில்லாதது. எனவே உள்ளே பித்தம் இருப்பது எங்களுக்கு நல்ல சகுனம். சுவரில் உள்ள செல்கள் தட்டையாகவும் ஒரே மாதிரியாகவும் இருக்கும். புற்றில் அப்படி இருக்காது: ஒரே சுரப்பிக்குள் ஒரு கரு பக்கத்துக் கருவைப்போல நான்கு மடங்கு பெரிதாக இருக்கும், சுவர் முழுமையடையாமல் அறுந்து நிற்கும், செல் பிளவுகள் தெரியும், உள்வெளியில் இறந்த செல்களின் குப்பை கிடக்கும்.

ஐயம் நீடித்தால், செல்லில் உள்ள குறிப்பிட்ட புரதங்களைக் காட்டும் இம்யூனோ சாயங்களும் உண்டு. இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. பித்தநாளச் செல், கணையப் புற்று, உங்கள் அப்பாவுக்கு வந்த இடத்துப் புற்று ஆகிய மூன்றிலும் சி.கே.7 என்ற சாயம் பெரும்பாலும் ஏறும் என்பதால், அது பாசிட்டிவ் என்று மட்டும் படித்துவிட்டுப் பயப்படவோ நிம்மதியடையவோ கூடாது. கே.ஐ.67, பி53, ஸ்மேட்4 ஆகிய சாயங்களையும் சேர்த்துப் பார்த்தால்தான் பொருள் கிடைக்கும்.

சி.டி.யைப் பொறுத்தவரை, ஒரு சென்டிமீட்டருக்குக் குறைந்த புள்ளிகளை அதில் வகைப்படுத்துவது கடினம். எம்.ஆர்.ஐ.யில், பித்தக் குழாய்களைக் காட்டும் எம்.ஆர்.சி.பி. படங்களில், இந்த ஹமார்ட்டோமாக்களில் பல நீர்நிறைந்த சிறு புள்ளிகளாகப் பளிச்சென்று தெரியும். அவை பித்தக் குழாயோடு இணைந்திருக்காது. இரண்டாவது அறுவைக்கு முன் அப்படி ஓர் எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா என்று உங்கள் மருத்துவரைக் கேளுங்கள்.

குடலியல்_அறுவை

நான் கோவையில் இரைப்பை-குடல் அறுவை மருத்துவராக இருக்கிறேன். வாளையாறு தாண்டி வரும் நோயாளிகள் எங்களிடம் ஏராளம். “அன்று நிறுத்தியது சரியா” என்ற கேள்விக்கு நான் பதில் சொல்ல முயல்கிறேன், ஏனெனில் அந்த முடிவு மேசையருகே நிற்பவருடையது.

உங்கள் அப்பாவுக்குத் திட்டமிட்டது விப்பிள் அறுவையாக இருக்க வேண்டும். ஆலன் விப்பிள் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் 1935-இல் பதிவு செய்த முறையிலிருந்து வளர்ந்தது அது. கணையத்தின் தலை, முன்சிறுகுடல், பித்தப்பை, பித்தக் குழாயின் கீழ்ப்பகுதி எல்லாவற்றையும் ஒரே தொகுதியாக அகற்றி, கணையத்தையும் பித்தக் குழாயையும் இரைப்பையையும் மறுபடி குடலோடு இணைக்க வேண்டும். அனுபவமிக்க மையங்களில் உயிரிழப்பு 5 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியிருந்தாலும், கணையத் தையல் கசிவது, வயிறு வேலை செய்யத் தாமதமாவது போன்ற தொல்லைகள் இன்றும் கணிசமானவர்களுக்கு வருகின்றன. ஈரலுக்கு ஏற்கனவே பரவிவிட்டவருக்கு இந்த அறுவை பயன் தருவதில்லை. மீண்டு எழுவதற்கே மாதங்கள் போய்விடும், அவருக்கு உண்மையில் தேவைப்படும் மருந்துச் சிகிச்சையும் தள்ளிப்போகும்.

அந்தப் பக்கத்தில் இவ்வளவு இழப்பு இருக்க, இந்தப் பக்கத்தில் இருப்பது லேப்ராஸ்கோபித் துளைகள் ஆறும் காலமும், அறிக்கைக்கான காத்திருப்பும்தான். கட்டி சிறிது, ஸ்டென்ட் வேலை செய்கிறது, காய்ச்சல் இல்லை என்றால் அந்தக் காத்திருப்பைத் தாங்கலாம். நானாக இருந்தாலும் நிறுத்தியிருப்பேன். வயிற்றைப் பெரிதாகத் திறந்த பிறகு இதே பதில் வந்திருந்தால் எனக்கு இவ்வளவு உறுதி இருக்காது. அப்போது இன்னும் இரண்டு மூன்று புள்ளிகளை எடுத்து அனுப்பி, இன்னொரு நோயியல் மருத்துவரையும் பார்க்கச் சொல்லி, மேசையிலேயே ஒரு முடிவுக்கு வர முயல்வேன். ஒருமுறை முழுதாகத் திறந்த வயிற்றை மறுபடி திறப்பது ஒட்டுதல்களால் கடினமாகிவிடும்.

கண்ணுக்குப் புற்றுபோல ஏன் தெரிந்தது என்று கேட்டிருந்தீர்கள். பரவிய கட்டி கெட்டியாக, மேடாக, பெரிதாகும்போது நடுவில் தொப்புள்போலக் குழிந்து இருக்கும் என்று படிக்கிறோம். ஹமார்ட்டோமா சிறிதாக, தட்டையாக, எல்லாம் ஒரே அளவில் இருக்கும் என்றும் படிக்கிறோம். ஆனால் 3 மில்லிமீட்டர்ப் பரவலில் குழிவு எங்கிருந்து வரும்? திறந்த அறுவையில் விரலால் தடவிப் பார்க்கும் வசதி லேப்ராஸ்கோபியில் இல்லை. ஆகவே கண் சொல்வது ஐயம் மட்டுமே. அந்த ஐயத்தை யாரும் நோயின் பெயராக எழுதிவிடக் கூடாது.

இன்னொன்றையும் உங்களிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஒரே ஈரலில் ஹமார்ட்டோமாவும் இருக்கலாம், புற்றுப் பரவலும் இருக்கலாம். ஒரு புள்ளி நலமானது என்று வந்துவிட்டதால் எல்லாப் புள்ளிகளும் நலமானவை என்று ஆகிவிடாது. இரண்டாவது அறுவையின் தொடக்கத்தில் மறுபடி லேப்ராஸ்கோபி செய்து, மற்றவற்றிலிருந்து வேறுபட்டுத் தெரிவதையும் பெரியதையும் முழுமையாக வெட்டி எடுத்து அனுப்புவார்களா என்று கேளுங்கள். நல்ல அறுவை மருத்துவர் இந்தக் கேள்வியால் வருத்தப்பட மாட்டார்.

பீர்மேடு_செல்வி

இந்த இழையைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. என் அம்மா பீர்மேட்டில் தேயிலைத் தோட்டத் தொழிலாளியாக இருந்து ஓய்வு பெற்றவர். வயிறு உப்பி, உடல் மெலிந்து, மாலையில் இலேசான காய்ச்சல் வந்துகொண்டிருந்தது. ஸ்கேனில் வயிற்றில் நீர், சூலகப் பகுதியில் கட்டிபோன்ற தடிப்பு. சூலகப் புற்றில் உயரக்கூடிய சி.ஏ.125 என்ற இரத்தப் பரிசோதனை அளவு, 35-க்குள் இருக்க வேண்டியது, பல நூறாக இருந்தது. சூலகப் புற்று, பரவிய நிலை என்று எல்லோருமே நினைத்தோம். அம்மாவும் மலையை விட்டுக் கீழே இறங்கும்போதே தன் நகைகளைப் பிரித்துக் கொடுத்துவிட்டார்.

லேப்ராஸ்கோபியில் குடலுறை முழுவதும், ஈரலின் மேலும், மஞ்சள் கலந்த வெண்மையில் சிறு சிறு பொட்டுகள். பார்த்தவுடன் யாராயிருந்தாலும் பரவிய புற்று என்றுதான் சொல்லியிருப்பார்கள். ஆனால் அங்கிருந்த மருத்துவர், திசு அறிக்கை வராமல் எதுவும் சொல்ல மாட்டேன் என்று உறுதியாக நின்றார். ஃப்ரோசன் பரிசோதனையிலேயே புற்று அணு இல்லை, காசநோய்க் கட்டிகள் என்று தெரிந்துவிட்டது. சூலகத்தை எடுக்கவில்லை, கீமோவும் இல்லை. அரசு இலவசமாகத் தரும் காசநோய் மருந்தை ஆறு மாதம் சாப்பிட்டார். வயிற்று நீர் வற்றியது, சி.ஏ.125 இறங்கியது. இன்று பேரப்பிள்ளைகளைப் பள்ளி வண்டியில் ஏற்றிவிடுகிறார்.

அம்மாவின் நோயும் தம்பியின் அப்பாவுக்கு இருப்பதும் வேறு வேறு என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் வெள்ளைப் பொட்டு என்ற சொல்லைக் கேட்டவுடன் வீட்டில் ஒப்பாரி தொடங்க வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன்.

நுண்ணோக்கி

செல்வி, உங்கள் அம்மாவைப் பற்றிப் படித்து மிக மகிழ்ந்தேன். நம் நாட்டில் இதை ஒவ்வொரு முறையும் நினைவில் வைத்தே ஆக வேண்டும். நடைமுறைக்கான ஒரு விஷயத்தைச் சேர்க்கிறேன்: காசநோய்ச் சந்தேகம் சிறிதளவு இருந்தாலும், எடுத்த திசு முழுவதையும் ஃபார்மலினில் போட்டுவிடக் கூடாது. ஃபார்மலின் கிருமியைக் கொன்றுவிடும். பிறகு கல்ச்சர், அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை, செய்ய முடியாது. ஒரு பகுதியை உப்புநீரில் தனியாக வைத்து, கல்ச்சருக்கும், கிருமியின் மரபணுவைத் தேடும் ஜீன்எக்ஸ்பர்ட் பரிசோதனைக்கும் அனுப்ப வேண்டும். மருந்துக்குக் கட்டுப்படாத வகைக் கிருமியா என்பதையும் அப்படித்தான் அறிய முடியும்.

நகரி_தறிக்காரர்

நான் ஆந்திர எல்லையில் நகரியில் இருக்கிறேன். மேலே எழுதிய மருத்துவர்கள் இருவருக்கும் வணக்கம். ஆனால் எல்லா இடங்களிலும் இவ்வளவு கவனம் இருப்பதில்லை என்பதை வருத்தத்தோடு பதிவு செய்கிறேன். என் பெரியப்பாவுக்கு இரைப்பையில் புற்று. வயிற்றைத் திறந்தார்கள். ஈரலில் பொட்டுகள் இருக்கின்றன, பரவிவிட்டது என்று சொல்லி அப்படியே மூடிவிட்டார்கள். அறுவைக் குறிப்பில் ஒரே ஒரு வரி. பயாப்ஸி எடுத்தீர்களா என்று என் அண்ணன் கேட்டதற்கு, கண்ணால் பார்த்தாலே தெரியும் என்று பதில் வந்தது. அவருக்கு அதன் பின் வலிக்கான சிகிச்சை மட்டும் கொடுத்தார்கள். சில மாதங்களில் இறந்துவிட்டார்.

அது உண்மையிலேயே பரவலாக இருந்திருக்கலாம். இரைப்பைப் புற்று ஈரலுக்குப் போகும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பொட்டு என்ன என்று எங்களுக்கு இனி எப்போதும் தெரியப்போவதில்லை. இரைப்பைக்குப் பக்கத்தில் ஈரலிருக்க, ஒரு துணுக்கு எடுத்து அனுப்ப எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்ற கேள்வியோடுதான் எங்கள் குடும்பம் இருக்கிறது. ஈரலில் கத்தி வைத்தால் இரத்தம் நிற்காது என்று பின்னர் ஒருவர் சொன்னார். அது சரியான காரணமா?

குடலியல்_அறுவை

ஐயா, உங்கள் இழப்புக்கு என் ஆழ்ந்த வருத்தம். நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. ஈரலின் மேற்பரப்பில் உள்ள சிறு வெண்புள்ளியை ஓர் ஆப்பு வடிவில் எடுத்து, மின்சூட்டால் இரத்தத்தை நிறுத்துவது பெரும்பாலும் சில நிமிட வேலை. இரத்தம் உறைவதில் கோளாறு உள்ளவருக்கும், நாட்பட்ட ஈரல் சுருக்கம் உள்ளவருக்கும் கூடுதல் கவனம் வேண்டும். சிலருக்கு எடுக்காமல் விடுவதே சரியாகவும் இருக்கலாம்.

தொடாமல் விட வேண்டிய முக்கியமான ஒன்று, இரத்த நாளங்களால் ஆன ஹெமாஞ்சியோமா என்ற கட்டி. ஈரலில் வரும் நலமான கட்டிகளில் அதுவே மிகப் பொதுவானது. நீலமும் சிவப்பும் கலந்து, அழுத்தினால் அமுங்கி, விட்டால் மறுபடி நிரம்பும். அதில் வெட்டினால் இரத்தப்போக்கு கடுமையாகலாம் என்பதால், அதை அப்படியே விட்டுவிட்டுப் பிறகு கான்ட்ராஸ்ட் எம்.ஆர்.ஐ.யில் உறுதி செய்வோம். விளிம்பில் தொடங்கி நடுவை நோக்கி மெல்ல நிரம்பும் விதமே அதைக் காட்டிக்கொடுக்கும். நாட்பட்டு நார்த்திசுவாகி வெளுத்துப்போன ஹெமாஞ்சியோமா மட்டும் கெட்டியான வெள்ளைக் கட்டியாகத் தெரிந்து எங்களைக் குழப்பும்.

ஆனால் நீங்கள் சொல்வது போன்ற பொட்டுகளை, சிகிச்சையின் திசையையே மாற்றும் முடிவுக்கு அடிப்படையாக வைப்பதானால், திசுச் சான்று வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. எடுக்க முடியாத காரணம் இருந்தால் அந்தக் காரணத்தையும் அறுவைக் குறிப்பில் எழுத வேண்டும். குடும்பத்தினரும் “பரவிவிட்டது” என்று கேட்டால், “பயாப்ஸி எடுத்தீர்களா, அறிக்கை எப்போது வரும்” என்று தயங்காமல் கேட்க வேண்டும்.

வேலந்தாவளம்_மகன்

ஸ்லைடுகளை வேறோர் இடத்தில் காட்டலாம் என்று என் மைத்துனர் சொல்கிறார். அப்படிக் கேட்டால் சிகிச்சை தரும் மருத்துவமனை தவறாக நினைக்குமோ என்று அம்மா தயங்குகிறார்.

நுண்ணோக்கி

தயங்க வேண்டியதே இல்லை. நோயியல் பிரிவில் எழுத்து மூலம் கேட்டால், சாயமேற்றிய ஸ்லைடுகளையும் மெழுகு பிளாக்கையும் கையெழுத்து வாங்கிக்கொண்டு தருவார்கள். ஃப்ரோசன் ஸ்லைடும், மெழுகு வெட்டின் ஸ்லைடும், இரண்டு அறிக்கைகளும், முதல் கட்டியின் பயாப்ஸி ஸ்லைடும் சேர்ந்தே போக வேண்டும். கட்டியின் செல்லையும் ஈரல் புள்ளியின் செல்லையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதுதான் மறுபார்வையின் பாதி வேலை. பிளாக்கைக் காரின் கண்ணாடிக்கு அருகில் வெயிலில் வைக்காதீர்கள், மெழுகு உருகிவிடும். எல்லைப்புற மக்கள் வழக்கமாகப் போகும் வேலூர் சி.எம்.சி., திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையம் போன்ற இடங்களில் வெளியிலிருந்து வரும் ஸ்லைடுகளை மறுபார்வை செய்கிறார்கள். நோயாளியை அழைத்துக்கொண்டு அலைய வேண்டியதில்லை, ஸ்லைடு போனால் போதும்.

எங்களுக்கு நாங்களே இதைச் செய்வதுண்டு. ஐயமுள்ள ஈரல் புள்ளியை இன்னொரு சக மருத்துவரிடம் காட்டாமல் நான் கையெழுத்திடுவதில்லை.

வேலந்தாவளம்_மகன்

எல்லோருக்கும் நல்ல செய்தி சொல்ல வந்திருக்கிறேன். மறுபார்வையிலும் பித்தநாள ஹமார்ட்டோமா என்றே எழுதிக் கொடுத்தார்கள். எம்.ஆர்.ஐ.யில் ஈரல் முழுவதும் ஒரே மாதிரியான சிறு புள்ளிகள் தெரிந்தன, எதுவும் பித்தக் குழாயோடு சேரவில்லை. இங்கே சொல்லித் தந்தபடி கேட்டதும், எங்கள் மருத்துவர் தாமாகவே அப்படித்தான் திட்டமிட்டிருப்பதாகச் சொன்னார். அறுவையன்று மறுபடி உள்ளே பார்த்து, இடப்பக்கத்தில் சற்றுப் பெரிதாக இருந்த ஒரு புள்ளியை முழுதாக எடுத்து அனுப்பினார்கள். இம்முறை ஃப்ரோசனிலேயே நலமானது என்று பதில் வந்தது. அதன் பிறகே விப்பிள் அறுவையைத் தொடங்கினார்கள். கணையத் தையலில் கொஞ்சம் கசிவு இருந்து, குழாயோடு சில நாள் கூடுதலாக இருக்க வேண்டியிருந்தது. இப்போது வீட்டில் கஞ்சியும் இட்லியும் சாப்பிடுகிறார். நிணநீர்க் கணுக்களில் புற்று இல்லை என்று அறிக்கை வந்திருக்கிறது.

ஒரே ஒரு கேள்வி பாக்கி. ஈரலில் மீதமிருக்கும் அந்தப் புள்ளிகளை என்ன செய்வது? அவை பின்னாளில் புற்றாக மாறுமா?

நுண்ணோக்கி

மிகவும் மகிழ்ச்சி தம்பி. அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

ஃபான் மேயன்பர்க் புள்ளிகளுக்குச் சிகிச்சை இல்லை, தேவையும் இல்லை. அவற்றிலிருந்து பித்தநாளப் புற்று தோன்றியதாக மருத்துவ இலக்கியத்தில் ஓரிரு இடங்களில் எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் அவை மிக அரிதானவை. அந்தப் புள்ளிகளுக்காக மட்டும் ஆண்டுதோறும் ஸ்கேன் எடுக்கச் சொல்வதில்லை.

உங்கள் அப்பாவுக்கு மூலப் புற்றின் காரணமாக எப்படியும் சி.டி.யும் இரத்தப் பரிசோதனையும் தொடரும். அங்கேதான் நீங்கள் கவனமாக இருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் புதிதாகப் பார்க்கும் ரேடியாலஜி மருத்துவர் ஈரலில் பல புள்ளிகளைக் கண்டு, புற்றுள்ளவர் என்பதால் ‘பரவல் இருக்கலாம்’ என்று எழுத வாய்ப்புண்டு. அதனால் இரண்டு அறுவைகளின் திசு அறிக்கைகளையும், மறுபார்வைக் கடிதத்தையும், எம்.ஆர்.ஐ. படங்கள் உள்ள குறுந்தகட்டையும் ஒரே கோப்பில் வைத்து, எந்த ஊரில் ஸ்கேன் எடுத்தாலும் எடுப்பதற்கு முன்பே கொடுத்துவிடுங்கள். பழைய படத்தோடு ஒப்பிட்டு எழுதுமாறு கேளுங்கள். ஹமார்ட்டோமாக்கள் அதே இடத்தில், அதே அளவில் இருக்க வேண்டும். ஏதேனும் ஒன்று வளர்ந்திருந்தாலோ, முன்பு இல்லாத இடத்தில் புதிதாக ஒன்று வந்திருந்தாலோ, பழைய அறிக்கையைக் காட்டி அதை ஒதுக்கிவிடாமல் அந்தப் புள்ளியைத் தனியாகப் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.